ரஸ்மானேயின் சனிக்கிழமைக் கூடை

“ஜனாதிபதியே போய்ச் சேர்ந்தாச்சு. நீ இன்னும் கூடையத் தூக்கிட்டுக் கிளம்புறியே,” என்றார் எதிர்வீட்டுக் குகா.

“அவர் போனா நாம சாப்பிடறத நிறுத்திடணுமா?” என்றார் ரஸ்மானே.

“வெளையாடாதப்பா. தெருவெல்லாம் சிப்பாய். நீ கூடையோட சந்தைக்குப் போனா, செத்தவரோட ஆளுன்னுதான் நினைப்பாங்க. தபால் ஆபீஸ் வேலை போயிடும்.”

“கூடையில கொடியா கட்டியிருக்கேன்?”

“பொம்பளை வேலைக்குப் போக இவ்வளவு வீம்பா?”

“வெண்டைக்காய் என்ன, வாங்கினது யாருன்னு பார்த்தா வேகுது?”

ஜனாதிபதி சங்காரா கொல்லப்பட்ட பிறகு தலைநகர் உவாகாதுகுவில் விடிந்த முதல் சனிக்கிழமை அது. ரஸ்மானேயின் மகள் நோபோகோவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அப்பா கிளம்பிவிட்டார். அவர் திரும்பும்வரை அம்மா வாசலைவிட்டு நகரவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமைதான் இது தொடங்கியது. அன்று ஆண்கள் சந்தைக்குப் போகட்டும், பெண்கள் படும் பாடு தெரியட்டும் என்று சங்காரா சொல்லியிருந்தார். அரசாங்கத்தின் பென்ஸ் கார்களை விற்றவர், அதிகாரிகளை நாட்டுப் பருத்தி உடுத்தவைத்தவர், சொன்னால் சொன்னதுதான். குகா காய்ச்சல் என்று போர்த்திப் படுத்துக்கொண்டார். ரஸ்மானே போனார்.

சந்தையில் குழம்புக்குப் போடும் சும்பாலா உருண்டையை முகர்ந்துவிட்டு, “இது கெட்டுப்போச்சும்மா, நாத்தமில்லாததாக் குடு,” என்றார். விதைகளைப் புளிக்கவைத்துச் செய்யும் சும்பாலா நாறினால்தான் நல்ல சும்பாலா. பிறந்ததிலிருந்து குழம்பில் ருசித்தவர், அடுப்பில் ஏறுமுன் அதன் பக்கத்தில் போனதே இல்லை.

கடைக்காரி அசெத்தா தொயே, சாமோ இனத்தவள்; இவர் மோசி இனத்தவர். இந்த இரண்டு கூட்டமும் ஒருவரையொருவர் அடிமை என்று கேலிபேசுவது முறை. கோபித்துக்கொண்டவர் தோற்றார்.

“ஏய் என் அடிமையே, மணக்கிற சும்பாலா வேணும்னா பாரிஸுக்குப் போ,” என்றாள் அவள். சுற்றியிருந்த கடைகளெல்லாம் சிரித்தன.

“அடுத்த வாரம் வர்றேன், அடிமையே. நீயே கத்துக்குடு.”

மற்ற ஆண்கள் அன்று மாலையே கூடையை மனைவியிடம் கொடுத்துவிட்டார்கள். ரஸ்மானே அடுத்த வாரமும் போனார், அதற்கடுத்த வாரமும் போனார். தேநீர்க் கூட்டத்தில் நண்பர்கள் அவரை ‘அக்கா’ என்று அழைத்தார்கள். “தங்கச்சிங்களா, டீ ஆறுது,” என்று அவரும் உட்காருவார்.

சங்காரா போன பிறகு, குகா பயந்தது பாதி நடந்தது. ஆபீஸுக்குப் புதிதாக வந்த மேலதிகாரி கூப்பிட்டு விசாரித்தார்.

“நீ அந்த ஆளோட கட்சியாமே? இன்னும் சந்தைக்குப் போறியாம்?”

“நான் சும்பாலா கட்சிங்க ஐயா. உங்க வீட்டுக்கும் நல்லதாப் பார்த்து வாங்கிட்டு வரட்டுமா?”

மேலதிகாரி அவரைப் போகச் சொன்னார். வேலை தப்பியது. பதவி உயர்வு மட்டும் கடைசிவரை வரவில்லை. கூடை சனிக்கிழமைதோறும் போய்வந்தது.

நோபோகோ படித்து ஆசிரியையான வருடம், குகாவின் மனைவிக்கு வயிற்றில் அறுவைசிகிச்சை நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை குகா வந்து நின்றார். மனைவியின் கூடையைச் சட்டைக்குள் மறைக்கப் பார்த்திருந்தார். அது எங்கே மறையும்.

ரஸ்மானே அவரை உட்காரவைத்து டீ கொடுத்துவிட்டு, மகளை அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

“நாளைக்கு நீ அவரச் சந்தைக்குக் கூட்டிட்டுப் போம்மா. நான் வந்தா சிரிச்சுடுவேன். சும்பாலாவ முகர்ந்துட்டு அவர் என்ன சொன்னாலும், நீ மட்டும் சிரிச்சுடாத.”