ஸ்டவ் சத்தம் கேட்ட வீடு

பம்ப் ஸ்டவ் எரியும்போது ஒரு இரைச்சல் வருமே, முதலில் ‘உஸ்ஸ்’ என்று சிணுங்கி, சூடேறியதும் ‘கொர்’ரென்று ஒரே சீராக, கெரசின் வாடையையும் இழுத்துக்கொண்டு வீடு முழுக்கப் பரவுமே, அதை நான் பிறந்த நாள் முதலாகக் கேட்டிருக்க வேண்டும், ஆனால் அது என் காதில் உண்மையாக விழுந்தது எனக்கு நாலு வயதாகும்போது வந்த ஒரு மழைக்காலத்தில்தான். அதுவரை அம்மாவின் பேச்சு அந்தச் சத்தத்தை மூடிக்கொண்டிருந்தது.

குடியாத்தம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி பெங்களூர் காக்ஸ் டவுனுக்கு வந்தவள் அம்மா. கடுகு தாளித்தால் கடுகோடு பேசுவாள், பால் பொங்கினால் பாலைத் திட்டுவாள், எனக்குத் தலை வாரும்போது சிக்கு எடுக்கும் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு பழமொழி வைத்திருப்பாள். நாங்கள் இருந்தது ஒரு ‘காம்பவுண்டு’: ஒரே கேட்டுக்குள் வரிசையாக ஓட்டு வீடுகள், எல்லோருக்குமாக நடுவில் ஒரு ‘நல்லி’. குழாயைப் பெங்களூர்த் தமிழர்கள் நாங்கள் கன்னடத்தில் அப்படித்தான் சொல்வோம். பக்கத்து வீட்டு நூர்ஜஹானை நான் ‘காலா’ என்று கூப்பிடுவேன். அவர்கள் வீட்டுப் பேச்சில் சின்னம்மா என்று அர்த்தம். நல்லியடியில் அம்மா தமிழில் கேட்பாள், காலா உருதுவில் பதில் சொல்வாள், வீட்டுக்கார ஓனரம்மா கன்னடத்தில் இருவரையும் அடக்குவாள். யாருக்கும் எதுவும் புரியாமல் போனதாக எனக்கு ஞாபகம் இல்லை.

நான் பேச ஆரம்பித்ததே தாமதம். ஆரம்பித்ததும் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிளறினேன். “ம்மா, நல்லில பானி வருது, பேக பா!” என்று நான் கத்தினால் காம்பவுண்டே சிரிக்கும். தண்ணீர் என்கிற ‘பானி’ காலாவிடம் எடுத்தது, சீக்கிரம் வா என்கிற ‘பேக பா’ ஓனரம்மாவிடம் எடுத்தது, ‘ம்மா’ மட்டும் சொந்தச் சரக்கு. “ஏன்டி, மூணு வூட்டுக் கொழம்ப ஒரே தட்டுல ஊத்திக்கினு வர்ற?” என்பாள் அம்மா. ஆனால் கேட்டுக்கு வெளியே, புது முகங்களின் முன்னால், நான் வாயே திறக்க மாட்டேன்.

அப்பா ஃபேக்டரியில் டைம் ஆபீஸ் கிளார்க். என்னை ஒரு பெரிய இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. சேர்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. தான் இங்கிலீஷ் சரியாக வராமல் ஆபீசர்கள் முன்னால் நெளிவதைப்போல மகள் நெளியக் கூடாது என்று நினைத்தார். அதை இன்றுவரை நான் குற்றமாகச் சொன்னதில்லை. சீட்டு கேட்கப் போன அன்று நான் அவர் பேன்ட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பெயரைக்கூடச் சொல்லவில்லை. பள்ளியின் ‘பெரிய மிஸ்’ கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்து, வீட்டில் இத்தனை பாஷை பேசினால் குழந்தை குழம்பாமல் என்ன செய்யும், இனிமேல் வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள், அடுத்த மாதம் இன்டர்வியூவுக்குக் கூட்டி வாருங்கள், அன்றைக்கும் பேசாவிட்டால் சீட்டு இல்லை என்று சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் படித்தவர்கள் பலரும் அப்படித்தான் நம்பினார்கள்.

அன்றிரவே சட்டம் வந்தது. “இன்னிலேர்ந்து வூட்ல தமிழ் கெடையாது” என்றார் அப்பா, தமிழில். “எனக்கு இங்கிலீஷ் எங்கய்யா தெரியும்?” என்று கேட்டாள் அம்மா. “தெரிஞ்சத பேசு. தெரியாததுக்கு சும்மா இரு.”

அம்மாவுக்குத் தெரிந்தது ‘கம்’, ‘ஈட்’, ‘சிட்’, ‘டோன்ட்’. இந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு குழந்தையை எழுப்பலாம், உட்காரவைக்கலாம், சோறு ஊட்டலாம், அதட்டலாம். ஆனால் கொஞ்ச முடியாது. சிக்கு எடுக்கும்போது பழமொழி நின்றுபோனது. கடுகு தனியாக வெடித்தது. நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் அம்மாவின் கண் பயத்தோடு வாசல் பக்கம் போகும், அப்பா வந்துவிட்டாரோ என்று. கலவைப் பேச்சு காதில் விழக் கூடாது என்று நல்லியடிக்கும் என்னைக் கூட்டிப் போகவில்லை. கதவை ஒருக்களித்துவிட்டு அவள் மட்டும் போய் அங்கே கொட்டித் தீர்த்துவிட்டு வருவாள். நான் கதவிடுக்கில் நின்று, இந்தப் பக்கம் ஸ்டவ் சத்தத்தையும் அந்தப் பக்கம் அம்மாவின் சிரிப்பையும் கேட்டுக்கொண்டிருப்பேன். அம்மாவுக்கு என்மேல்தான் ஏதோ கோபம் என்று நினைத்தேன். இருந்த கொஞ்சம் பேச்சும் என்னிடமிருந்து போய்விட்டது.

“புள்ளைய ஊமையாக்கிடுவே போல இருக்கே, பஹன்” என்று காலா ஒருநாள் தனக்குத் தெரிந்த தமிழில், அம்மாவைச் சகோதரி என்று உருதுவில் கூப்பிட்டுச் சொன்னது கதவு வழியாகக் கேட்டது.

இன்டர்வியூ அன்று நல்ல மழை. பெரிய மிஸ் ஒரு படத்தைக் காட்டினார், விரித்த குடை. “வாட் இஸ் திஸ், பேபி?” நான் படத்தைப் பார்த்தேன், மிஸ்ஸைப் பார்த்தேன், வாயை இறுக்கிக்கொண்டேன். அப்பா குனிந்து, “டெல், டெல்” என்றார். உள்ளே வாயே திறக்கக் கூடாது என்று அப்பா வழியெல்லாம் சொல்லிக் கூட்டி வந்திருந்த அம்மா, ஒரு நிமிஷம் பொறுத்தாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை. நாற்காலியைவிட்டு இறங்கி, என் உயரத்துக்குக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “யேண்டி கண்ணு, மழ வந்தா நாம இன்னா எடுத்துனு போவோம்?” என்று கேட்டாள்.

அணை உடைந்ததுபோல வந்தது எனக்கு. “கொட எடுத்துனு போவோம்! காலா கொட கிழிஞ்சி பூட்ச்சி, நல்லிகிட்ட பானி ரொம்பிச்சி, நீ என்ன உட்டுட்டுப் பூட்ட, நான் அழுதேன்!”

பெரிய மிஸ் கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் மேசைமேல் வைத்தார். சீட்டு கிடைக்கவில்லை.

அப்பா முன்னால் நனைந்துகொண்டே போனார். குடை அம்மாவின் கையில் மடங்கியபடியே இருந்தது. பேக்கரி வாசலில் அப்பா நின்றார், திரும்பினார், எங்கள் இருவரையும் பார்த்தார். “கொடய விரியேன்டி, புள்ள நனையுது” என்றார். அத்தனை நாளுக்கப்புறம் அவர் வாயிலிருந்து வீட்டுப் பேச்சு. அம்மா குடையை விரித்தாள். விரிக்கும்போதே ஆரம்பித்துவிட்டாள்: “வாயுள்ள புள்ள பொழைக்கும்னு சொல்வாங்க. சீட்டு போனா போவுது, வூட்ல சத்தம் வந்துச்சில்ல!” மழையைத் திட்டினாள், மிஸ்ஸைத் திட்டினாள், அப்பாவையும் கொஞ்சம் திட்டினாள். அப்பா எனக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்து, தலையாட்டிக்கொண்டே நடந்தார். நெஞ்சுமேல் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனதை, நாலு வயதில் அதற்கு என்ன பெயர் சொல்வது, நான் அன்றைக்கு உணர்ந்தேன்.

அப்புறம் பக்கத்துத் தெரு பால்வாடி, தமிழ்ப் பள்ளிக்கூடம், பத்தாவதோடு படிப்பு நின்றது. மிச்சத்தை ஜனங்களிடம் கற்றேன். ஆஸ்பத்திரி விசாரணை கவுண்டரில் இருபது வருஷத்துக்குமேல் உட்கார்ந்து நாலு பாஷையில் பேசியே பிழைத்தேன். வாயுள்ள பிள்ளை.

இந்தக் கதையெல்லாம் எனக்கு வெகு காலம் கழித்துப் பிறந்த தம்பி பிரபுவுக்குத் தெரியாது. வைட்ஃபீல்டில் ஐ.டி. வேலை, மனைவி சஹானா ஹாசன் பக்கத்துக் கன்னடப் பெண், மூன்றரை வயதில் ஆரவ் என்று ஒரு மகன். போன மாதம் பிரபு போன் செய்தான். “அக்கா, இவன் வயசுப் பசங்கல்லாம் கதையே சொல்லுதுங்க. இவன் பேசவே மாட்டேங்கறான். இனிமே வீட்ல இங்கிலீஷ் ஒன்லி. சஹானாவும் ஓகே சொல்லிட்டா.”

என் காதில் ஸ்டவ் இரைந்தது.

“டேய், எதையும் இன்னிக்கே ஆரம்பிக்காத. நான் வர்றேன்” என்று சொல்லிவிட்டு மெட்ரோ ஏறினேன். மறுநாள் ஆரவின் ப்ளே ஸ்கூல் டீச்சரைப் பார்க்க மூவருமாகப் போனோம். பெரிய மிஸ்ஸின் மேசையை நினைத்துக்கொண்டே நான் உள்ளே நுழைந்தேன். ஆனால் அங்கே மேசையே இல்லை. மணல் தொட்டி, தண்ணீர் டப், தரையில் பிள்ளைகள், அவர்களுக்கு நடுவே சுடிதார் நனைந்து ஒரு சின்னப் பெண். அவள்தான் டீச்சர்.

முதலில் காது டெஸ்ட் செய்தீர்களா என்று கேட்டாள். செய்திருந்தார்கள், நன்றாகக் கேட்கிறது. அடுத்து, என்னென்ன சொல்கிறான் என்று கேட்டாள். “ரொம்ப கம்மி. கார், பஸ், நோ, பை பை…” என்று பிரபு இழுத்தான்.

“வீட்டு பாஷைல?”

பிரபுவும் சஹானாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “அதையுமா சேர்க்கணும்?” என்றாள் சஹானா.

அப்புறம் பாருங்கள், வரத் தொடங்கியது. அம்மாவிடம் கன்னடத்தில் ‘நீரு’ கேட்கிறான், பிடிக்காவிட்டால் ‘பேடா’, அதாவது வேண்டாம் என்று தட்டைத் தள்ளுகிறான், அப்பாவிடம் ‘தூக்கு’ என்கிறான், என்னைப் பார்த்தால் ‘அத்த, போலாம்’ என்கிறான். மூவரும் மாறி மாறிச் சொல்லச் சொல்ல டீச்சர் சிரித்துவிட்டாள். “சார், இவ்ளோ பேசறான்! நீங்க இங்கிலீஷ மட்டும் கணக்குல வெச்சிட்டு மிச்சத்த கீழ கொட்டிட்டீங்களே!”

பிள்ளைகள் பாஷைகளைக் கலப்பது குழப்பமில்லை, இருப்பதையெல்லாம் உபயோகிக்கிற சாமர்த்தியம் என்றுதான் இப்போது ஆராய்ச்சி செய்கிறவர்கள் சொல்கிறார்களாம். எத்தனை பாஷை என்பதைவிட, பிள்ளை ஒன்று சொன்னால் பெரியவர்கள் திருப்பி ஒன்று சொல்கிறார்களா என்பதுதான் முக்கியமாம். அம்மா கன்னடம், அப்பா தமிழ், எது வாயில் தானாக வருகிறதோ அதைத் தாராளமாகப் பேசுங்கள், இங்கிலீஷ் இங்கே ஸ்கூலில் வந்து சேர்ந்துகொள்ளும் என்றாள் டீச்சர். சந்தேகம் தீர வேண்டுமென்றால் ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட்டையும் பார்த்துவிடுங்கள், ஆனால் வீட்டில் வாயை மட்டும் மூடிவிடாதீர்கள் என்றாள். நான் அவள் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டேன். எதற்கென்று அவளுக்குத் தெரியாது.

வெளியே வந்ததும் சஹானாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. “அக்கா, எனக்கு இங்கிலீஷ்ல ஆபீஸ் வேலை வரும். கொழந்தையக் கொஞ்ச வராது” என்றாள்.

வரும் வழியில் வாடகைக் காரை காக்ஸ் டவுன் பக்கம் திருப்பச் சொன்னேன். காம்பவுண்டு இல்லை, நல்லி இருந்த இடத்தில் அடுக்குமாடியின் கார்கள் நிற்கின்றன. காலா குடும்பம் எங்கே போனதென்று தெரியவில்லை. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை, பம்ப் ஸ்டவ்வைப் பழைய சாமான்காரன்கூட இப்போது கேட்பதில்லை. போனவற்றில் ஒன்றுக்காக மட்டும் நான் வருத்தப்படவில்லை. அந்த மழைக்காலத்து மௌனம் போனதே, அது போகட்டும்.

அன்று சாயங்காலம் தம்பி வீட்டில் சஹானா குக்கரை வைத்துவிட்டு மகனைக் கன்னடத்தில் கொஞ்ச ஆரம்பித்தாள். பிரபு தமிழில் நடுவே புகுந்தான். நான் அம்மாவின் பழமொழிகளை எடுத்துவிட்டேன். ஆரவ் எல்லோருக்கும் எதையாவது பதிலாக வீசிக்கொண்டிருந்தான். திடீரென்று சஹானா, “ஐயோ, குக்கர் எத்தனை விசில் வந்துச்சு?” என்றாள்.

யாருக்கும் கேட்கவில்லை. சோறு குழைந்துபோயிருந்தது. எல்லோரும் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டு சாப்பிட்டோம்.