நாலு இல்லாத தாள்கள்

செல்லோக்காரம்மா என்றால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். பின்னே, பெரிய வயலின் மாதிரி இருக்கும் செல்லோவை ஆள் உயரப் பெட்டியில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு முப்பது வருஷம் பஸ் ஏறினால் தெரியாமல் போகுமா? "இது யாரும்மா, கூட வந்தவரா?" என்று ஒரு கண்டக்டர் கிண்டல் செய்தபோது, "என் வீட்டுக்காரர். அவர் நின்னுக்கிட்டே வருவார், எனக்கு மட்டும் சீட் காட்டுங்க" என்றாராம். வாய் அப்படி.

கையும் அப்படித்தான். ஒரு நாடக அரங்கத்தின் இசைக்குழுவில் இருபத்திரண்டு வருஷம் வாசித்தார். நடிகர் யாராவது வசனத்தை மறந்து விழித்தால், மேடைக்குக் கீழே இவர் ஒரே சுரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பார். பார்க்க வந்தவர்கள் சோகக் கட்டம் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அரங்கத்தை மூடிய பிறகு, ஒரு தையல் கடை மாடியில் அறை எடுத்து, வேலைக்குப் போகிறவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ஒரு பல் டாக்டர், ஒரு கணக்கு டீச்சர், ஒரு பஸ் டிரைவர், அப்புறம் வீட்டுக்காரரின் தங்கை.

அவர் இசை எழுதித் தரும் விதமே தனி. தாளின் தலையில் 'முதல் செல்லோ, இரண்டாம் செல்லோ' என்றெல்லாம் போடமாட்டார். ஆளைப் பார்த்துத்தான் எழுதுவார். டிரைவருக்கு வேகம் வராது, ஆனால் வில்லை இழுத்தால் சுரம் அசையாமல் நிற்கும். அவருக்கு நீளச் சுரங்கள். பல் டாக்டருக்கு எப்போதும் அவசரம். அவர் தாளில் நடுநடுவே "இங்கே மூச்சு விடவும்" என்று குறிப்பு. எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று மேலே எண்ணும் இருக்கும். ஆள்காட்டி விரல் ஒன்று, சுண்டுவிரல் நாலு. இப்படிப் பார்த்துப் பார்த்து எழுத எத்தனை பேருக்கு மனசு வரும், சொல்லுங்கள்!

அந்த மனுஷிக்குத்தான் இடது கைச் சுண்டுவிரல் மரத்துப்போனது. முழங்கையில் நரம்பு அழுந்தியிருக்கிறது, சரியானாலும் ஆகும், ஆகாமலும் போகலாம் என்று நரம்பு டாக்டர் கையை விரித்துவிட்டார். செல்லோக்காரம்மா வீட்டுக்காரரிடம்கூட மூச்சுவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாணவர்களோடு கச்சேரி. தொடக்கத்தில் இரண்டு நிமிஷம் அவர் தனியாக வாசிக்க வேண்டும். மணிக்கட்டு சுளுக்கு என்று சொல்லிக் கழன்றுகொள்வது, அதோடு வாசிப்புக்கே முழுக்குப் போட்டுவிடுவது என்று முடிவு கட்டியிருந்தார்.

புதன்கிழமை ஒத்திகை. புதுத் தாள்களைக் கொடுத்து இரண்டு நாளாகியிருந்தது. மற்றவர்கள் வருவதற்கு முன்னாலேயே நாத்தனார் வந்து நின்றார்.

"அண்ணி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கக் கூடாது."

"கோவம் வர்ற மாதிரி கேக்காதே."

"நாலு பேர் தாளையும் வாங்கிட்டு வந்துட்டேன். ஒரு இடத்துலகூட நாலாம் விரல் இல்லையே? எங்கிட்ட உருப்படியா இருக்கிற ஒரே விரல் அதுதான்னு நீங்கதானே திட்டுவீங்க?"

செல்லோக்காரம்மா தாள்களைப் பிடுங்கிப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று, ஒன்று. அட கடவுளே! ஆளைப் பார்த்து எழுதுகிறவர், இந்தத் தடவை நாலு பேருக்கும் தன் கையையே எழுதி வைத்திருக்கிறார்.

"எவ்வளவு நாளா அண்ணி?" என்றார் நாத்தனார்.

"ரெண்டு மாசம்." சுண்டுவிரலைத் தேய்த்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை என்னால ஆகாதும்மா."

நாத்தனார் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து ஸ்டாண்டில் வைத்தார். அந்தத் தனி வாசிப்புதான். நாத்தனாரின் கோழிக் கிறுக்கலில் பென்சில் எண்கள். எங்கேயும் நாலு இல்லை. உச்சியில் 'அண்ணிக்கு'. நடுவில் ஓரிடத்தில், "இங்கே மூச்சு விடவும்."

செல்லோக்காரம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டு முறைத்தார். "இந்த இடத்துல மூணாம் விரல் எப்படி எட்டும்? ரெண்டைப் போட்டு நகர்த்தணும். இத்தனை வருஷமா என்னத்தைக் கத்துக்கிட்டே?"

திருத்தினார். வாசித்தார். ஓரிடத்தில் தடுக்கியது. குறிப்பு இருந்த இடத்தில் நிஜமாகவே மூச்சு விட்டார். கடைசிவரை வந்துவிட்டது.

மற்ற மூவரும் படியேறி வந்தபோது அவர் ரப்பரும் பென்சிலுமாக அவர்கள் தாள்களில் குனிந்திருந்தார்.

"மறுபடியும் மாத்துறீங்களாம்மா?" என்றார் டிரைவர்.

"ஆமா. எனக்குச் சுண்டுவிரல் போச்சு. உங்களுக்கெல்லாம் நல்லாத்தானே இருக்கு? உட்காருங்க, முதல்ல நான் வாசிக்கிறேன்."