பெயர் என் நோட்டில் இருக்கட்டும்

மஞ்சுளா அக்கா கூப்பிட்டால் நான் போனை எடுக்க மாட்டேன். மூன்று முறை அடித்து ஓய்ந்த பிறகு வாட்ஸ்அப்பில் அவருடைய குரல் வரும். "எடுக்க மாட்டேன்னு தெரியும், கடமைக்கு அடிச்சேன்" என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பார். போன மாதம் ஒரு காலையில் அவர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து நான்கு நாள் ஆகியிருந்தது. குணமாகிவிட்டார் என்று நினைத்து, வழக்கம்போல் குரலுக்காகக் காத்திருந்தேன். வந்தது ஆண் குரல், அவர் தம்பியுடையது. "அக்கா போயிட்டாங்கம்மா. ஊட்டுக்கு வந்துடு" என்று மட்டும் இருந்தது. அதைத் திரும்பப் போட்டுக் கேட்கும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர், கல்யாண மண்டபங்களில் நாற்காலி மேல் ஏறி நின்று படம் எடுக்கும் பெண்ணாகத்தான் தெரிந்திருப்பார். பத்து வருடம் ஸ்டூடியோ வேலை பார்த்துவிட்டு, கம்பெனிகளுக்கு வீடியோ படம் எடுத்துக் கொடுத்துத் தனியாகப் பிழைக்கலாம் என்று வெளியே வந்தவர். நான் அப்போது முத்தாபுதுப்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் தமிழ் டைப்பிங் செய்துகொண்டிருந்தேன். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல வராததால் பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். அக்கா டைப் செய்யக் கொடுத்த கடிதத்தைக் கேட்காமலே திருத்தி எழுதிவிட்டேன். திட்டப் போகிறார் என்று பயந்தேன். இரண்டு தடவை படித்தார். "இங்க குந்திக்கினு இன்னா பண்ற நீ? என்கூட வர்றியா? எனக்குப் பேச வரும், எழுத வராது" என்றார்.

எனக்கு எழுத வரும், பேச வராது. தொழிலுக்கு அது ஆகாது என்று எனக்குப் பயிற்சி வைத்தார். பருத்திப்பட்டு ஏரிக்கரை நடைபாதையில் அவர் ஒரு கோடி, நான் ஒரு கோடி. நான் போன் செய்து வேலை கேட்க வேண்டும். அவர் கோபக்கார மேனேஜராக இருப்பார். "யாரும்மா நீ? இன்னா வோணும்? சீக்கிரம் சொல்லு, டீ ஆறுது" என்று அதட்டுவார். நான் பேரைச் சொல்வதற்குள் வைத்துவிடுவேன். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். பதினோரு நாள் முயன்றும் நான் 'வணக்கம் சார்' என்பதைத் தாண்டவில்லை.

அவர் வைத்த ஒரு விதி மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. படத்துக்காக எடுத்த பேட்டிகளைக் கேட்டு ஒரு வார்த்தை விடாமல் டைப் செய்வது என் வேலை. பேசியவரின் பெயரை ஃபைலில் போடக் கூடாது. ஆண் 1, பெண் 2 என்று எண் மட்டும்தான். "பேரு என் நோட்ல இருக்கட்டும். வோணும்ன்றவன் என்கிட்ட வந்து கேக்கட்டும்" என்பார். அந்தச் சின்ன நீல நோட்டு எப்போதும் அவர் கைப்பையில் இருக்கும். என்னை நம்பவில்லை என்றே நினைத்துக்கொண்டேன்.

எங்கள் முதல் பெரிய வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலைப் படம். ஐந்து பெண் தொழிலாளர்களிடம் பேட்டி எடுத்தோம். கேமராவை நிறுத்திய பிறகும் ஒருவர் புடவையில் மைக் ஓடிக்கொண்டிருந்தது. உற்பத்தி எண்ணிக்கை காட்டுவதற்காக, தகடு அழுத்தும் பிரஸ் மெஷினின் பாதுகாப்புத் தடுப்பைக் கம்பியால் கட்டிவைத்து ஓட்டச் சொல்கிறார்கள், கையை எடுக்க ஒரு நொடி தாமதித்தால் விரல் போய்விடும், சொன்னால் வேலை போய்விடும் என்று அவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னதும் பதிவாகியிருந்தது. அதையும் டைப் செய்தேன். கம்பெனிக்கு அனுப்ப அந்தப் பகுதியை நீக்கிய இன்னொரு ஃபைல் வைத்திருந்தோம். அனுப்ப வேண்டிய நாளன்று காலை ஒன்பது மணிக்கு, நான் தவறுதலாக முழு ஃபைலை மெயிலில் அனுப்பிவிட்டேன்.

தனக்கு வந்த மெயில் நகலைப் பார்த்துவிட்டு அக்கா போன் அடித்தார். நான் எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். எடுக்கவில்லை. அன்று மூன்றோடு நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. பயந்துபோய் போனைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். கடைசியில் குரல் வந்தது. "எந்த ஃபைலை அனுப்பிச்சே? கீழ வா, தெருமுனைல கீறேன்." அதற்குள் இருபது நிமிடம் போயிருந்தது. தொழிற்சாலை மேனேஜர் பத்து மணிக்குத்தான் வருவார், அவர் திறப்பதற்குள் போய் நிற்கலாம் என்று ஸ்கூட்டரில் கிளம்பினோம். சி.டி.ஹெச். ரோட்டில் எல்லா சிக்னலும் சிவப்பு. திட்டுவார் என்று காத்திருந்தேன். திருமுல்லைவாயில் தாண்டும்போது, திரும்பாமலே, "நமக்கு நாமளே மொதலாளின்னா, தப்பு ஆனாலும் நாமதான் போய் நிக்கணும்" என்றார்.

நாங்கள் உள்ளே போனபோது மேனேஜர் மேஜை மேல் தாள்கள் இருந்தன. பிரிண்ட் எடுத்து, சில வரிகளுக்கு மஞ்சள் அடித்திருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"பெண் 3 யாரு?"

தெரியாது என்றார் அக்கா. பதிவைக் கொடுங்கள், குரலை நாங்கள் கண்டுபிடித்துக்கொள்கிறோம் என்றார் அவர். தர முடியாது, அது உங்கள் படத்துக்காகப் பேசியதில்லை என்றார் அக்கா. இந்த எஸ்டேட்டில் ஒரு கம்பெனியும் உங்களை உள்ளே விடாது என்று அவர் எச்சரித்தார். கைப்பையை அக்கா மார்போடு பிடித்திருந்தார். அதற்குள் நோட்டு இருப்பது எனக்குத் தெரியும்.

"யாரு சொன்னான்னு கேக்கறீங்களே சார். சொன்னது நெசமான்னு கேக்கலியே" என்றார்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். குரல் மென்மையாகிவிட்டது. "நீதானம்மா டைப் பண்ணது? இவ்ளோ சுத்தமா எழுதுற. எங்க ஆபீஸ் வேலையெல்லாம் உனக்கே தனியா தரேன். யாருன்னு மட்டும் சொல்லு."

மூன்றாவதாக யார் பேசினார் என்று எனக்குத் தெரியும். பேட்டியின்போது அவருக்குத் தண்ணீர் கொடுத்தவள் நான். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். கண்ணாடிக்கு அப்பால் மெஷின் சத்தம் கேட்டது.

"தெரியாது சார்" என்றேன்.

கேட்டுக்கு வெளியே டீக்கடையில் அக்கா இரண்டு டீ சொன்னார். வேலை போயிற்று என்று இருவருக்கும் தெரியும். ஒரு வாய் குடித்துவிட்டு, "கஸ்டமர்கிட்ட மொத மொதல்ல வாயத் தொறந்த. அதுவும் பொய்யா?" என்றார். பிறகு என்னைவிட அதிகமாக அவர்தான் அழுதார். அன்று மாலை நோட்டை என் கையில் கொடுத்தார். "இனிமே ஃபைலு அனுப்பிட்டு என்கிட்ட சொல்லாத. அனுப்பறதுக்கு முன்னாடி சொல்லு" என்றார். திட்டு அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அக்காவைக் கிடத்தியிருந்த நாளில் அவர் வந்திருந்தார். பந்தலுக்கு வெளியே, செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அது யாரு, நம்ம ஜனமா என்று அக்காவின் சித்தி என்னிடம் கேட்டார். யோசிக்காமலே தெரியாது என்றேன். அது அந்தப் பெண்ணின் காதில் விழுந்துவிட்டது. சித்தி நகர்ந்ததும் என் அருகே வந்தார்.

"இனிமே சொல்லலாம் பாப்பா. நான் அங்கருந்து நின்னுட்டேன். வேற கம்பெனில கீறேன்."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். இதை எழுதலாமா என்று பிறகு அவரிடம் கேட்டுக்கொண்டேன். எழுது, பேரும் போடு என்றார்.

போடவில்லை. கேமரா அக்காவின் தம்பியிடம் இருக்கிறது. அக்காவின் குரல் பதிவுகள் என் போனில் இருக்கின்றன, இப்போதைக்குத் திறக்கப்போவதில்லை. நான் வைத்துக்கொண்டது அந்த நீல நோட்டை. போன வாரம் தெரியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்பு வந்தது, படத்துக்கு எழுத ஆள் வேண்டுமாம். இரண்டாவது மணியிலேயே எடுத்தேன். பேட்டி கொடுப்பவர்களின் பெயர்ப் பட்டியலையும் சேர்த்து அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள்.

பெயர் என் நோட்டில் இருக்கும் என்றேன்.