சின்னக் குழாயின் மூடி

என் அண்ணிக்குத் தெருவார் வைத்த பெயர் ‘வானிலை’. நாளைக்கு மழை வருமா என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், முகம் சிவந்துவிடும். தான் பார்ப்பது நட்சத்திரத்தை, மழையை ரேடியோவில் கேட்டுக்கொள்ளுங்கள் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுப் போவார். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது அவர் வேலை. பகல் முழுக்க வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, எது தெளிவாகத் தெரிகிறது, இதுவா அதுவா என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை வற்றி வருவார். அப்படியும் சனிக்கிழமை சாயங்காலமானால் குடியிருப்பின் பொதுக்கூடத்து முற்றத்தில் தொலைநோக்கியை நிறுத்தி, போகிறவர் வருகிறவரையெல்லாம் இழுத்துப் பிடித்து நிலாவைக் காட்டுவார்.

அவர் ஆரம்பித்த குழு அது. டியூஷன் டீச்சர் ஒருவரும், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரும் கூட இருந்தார்கள். குழுவுக்கு ஒரே ஒரு சட்டம்: பார்க்கிறவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். பார்க்கிற ஆவலில் எல்லோரும் குழாயைப் பிடித்துவிடுவார்கள், நிலா நழுவிப் போய்விடும். பெரிய மனிதர்கள்கூடப் பள்ளிப்பிள்ளை மாதிரி கைகட்டிக் குனிவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பாக வரும்.

அண்ணன் பஸ் ஓட்டுநர். வானத்தைப் பற்றி அவருக்கு ஒரு அக்கறையும் கிடையாது. ரோட்டு சிக்னலைப் பார்த்தால் போதும் என்பார். ஆனால் அண்ணிக்காகத் தொலைநோக்கியைத் தோளில் சுமந்து வருவார், டீ பிளாஸ்க்கோடு ஓரமாக உட்கார்ந்திருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சூரியனில் இருக்கும் கரும்புள்ளிகளைக் காட்ட ஏற்பாடு. மேகம் கலையவே அவசரம் அவசரமாகத் தொலைநோக்கியை நிறுத்தினார்கள். சூரிய ஒளியைத் தடுக்கும் வடிகட்டியைப் பெரிய குழாயின் வாயில் அண்ணி கவனமாக மாட்டினார். அதன் முதுகில் குறி பார்ப்பதற்கென்று ஒரு சின்னக் குழாய் உண்டு. இரவில் அது வேண்டும், அதற்கு வடிகட்டி இல்லாததால் பகலில் அதை மூடியே ஆக வேண்டும். அந்த மூடி அண்ணியின் கைப்பையிலேயே இருந்துவிட்டது. வரிசையில் யாரோ கேட்ட சந்தேகத்துக்கு அவர் திரும்பிப் பதில் சொன்ன நேரத்தில், பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு அண்ணன் விளையாட்டாகச் சின்னக் குழாயில் வலது கண்ணை வைத்தார்.

கண்கூசி உடனே தலையைத் தூக்கிவிட்டார். வலிகூட இல்லை. மத்தியானம் பஸ் எடுக்கப் போனவருக்கு, இடது கண்ணை மூடித் தேய்த்தபோதுதான் எதிரே வந்த வண்டியின் பலகையில் நடு எழுத்துகள் காணாமல் போயிருந்தது தெரிந்தது. மறுநாள் கண் மருத்துவர் வலது கண்ணின் நடுப்பார்வை இனி திரும்பாது என்றார். அண்ணனை ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறக்கி, டிப்போவில் வண்டிகளின் வரவு குறிக்கும் அறையில் உட்கார வைத்தார்கள்.

வானத்தைக் காட்டுகிறேன் என்று புருஷன் கண்ணைக் கெடுத்துவிட்டாள் என்று தெருவில் பேசினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நிலாவைக் காட்டச் சொல்லி வரிசையில் முண்டியடித்த அதே வாய்கள்தானே. அண்ணன் ஒரு சொல் சொல்லவில்லை. அண்ணியைத் தின்றது அதுதான் என்று நினைக்கிறேன். தொலைநோக்கி கட்டிலுக்கு அடியில் போனது. கடைக்கு வருகிறவர்களையெல்லாம் எது தெளிவு என்று கேட்டவர், வீட்டில் அண்ணனிடம் மட்டும் அதைக் கேட்கவே இல்லை.

சில வருடம் கழித்து, எங்கள் ஊரிலேயே சூரிய கிரகணம் தெரியும் என்று செய்தி வந்தது. தபால்காரரும் டீச்சரும் வீட்டுக்கு வந்து, அதைக் காட்ட ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேட்டார்கள். அண்ணி முகம் கொடுத்தே பேசவில்லை. அவர்கள் எழுந்து போனதும் அண்ணன் குனிந்து தொலைநோக்கியை வெளியே இழுத்தார்.

"நீ காட்டலன்னா விட்டுடுவாங்களா? எக்ஸ்ரே பிலிம வச்சுக்கிட்டோ வெறுங்கண்ணாலயோ பாப்பாங்க. என் மாதிரி இன்னும் நாலு பேர் வேணுமா?"

அண்ணி அன்று அழுதார். பிறகு திருப்புளியைக் கொண்டுவந்து சின்னக் குழாயைக் கழற்றி அண்ணன் கையில் கொடுத்துவிட்டார்.

கிரகணத்தன்று முற்றம் கொள்ளாத கூட்டம். குழாயின் நிழல் தரையில் எப்போது மிகவும் சிறுக்கிறதோ அப்போது அது சூரியனைப் பார்க்கிறது என்று கணக்கு. நிழலைப் பார்த்தே அண்ணி திருப்பி நிறுத்தினார். வடிகட்டியை மாட்டினார், கழற்றி வெயிலில் பிடித்துக் கீறல் தேடினார், மறுபடி மாட்டினார். கூட்டம் பொறுமையிழந்தது.

அண்ணன் வரிசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"முதல்ல நான் பாக்கறேன்."

"நீங்க வேணாம். யாராச்சும் பாக்கட்டும்."

"யாராச்சும் எதுக்குப் பாக்கணும்? எனக்கு இருக்கறது ஒரு கண்ணு. வைக்கலாமா, வேணாமான்னு நீ சொல்லு."

அண்ணி வடிகட்டியின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார். இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"வைங்க" என்றார்.

அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து, இடது கண்ணை வைத்தார். நெடுநேரம் பார்த்தார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை. அவர் நிமிர்ந்து வரிசையைப் பார்த்து, ஒரு ஓரமாகக் கடித்த மாதிரி இருக்கிறது, பயமில்லாமல் வாருங்கள் என்றார். பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்து, "தெளிவா இருக்கு" என்று சொன்னார்.