பால் தீய்ந்த அன்று

என் தம்பி பேக்கரி மாஸ்டர். இருபது வருஷமாக மூக்கை நம்பியே பிழைத்தவன். அடுப்புக் கதவைத் திறந்தே பார்க்க மாட்டான். வாசனை வந்ததும், "எடுங்கப்பா" என்பான். ரொட்டி பதமாக வெந்திருக்கும்.

அவனை ஒரு வேன்காரன் இடித்துவிட்டுப் போனான். பின்மண்டையில் அடி. தையல் பிரித்து வேலைக்குப் போன முதல் நாளே மூன்று தட்டு ரொட்டி கரியாகிப் போயிற்று. பக்கத்திலேயே நின்றிருக்கிறான், தெரியவில்லை. அடிபட்டதில் மோப்ப நரம்பு அறுந்துவிட்டது, இனி வாசனை திரும்பாது என்றார் டாக்டர். முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

நஷ்ட ஈடு கேட்டு எழுதிப் போட்டோம். இன்சூரன்ஸ்காரன் நம்பினால்தானே! ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று சொல்லி, விசாரிக்க ஒருவனை அனுப்பினார்கள். வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நூறுலேருந்து ஏழு ஏழா கழிச்சுச் சொல்லுங்க."

தம்பி கடகடவென்று சொன்னான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கணக்கெல்லாம் நல்லாப் போடுவான் சார். அவனுக்கு மூக்குதான்..."

"நீங்க சொல்லிக் குடுக்காதீங்கம்மா. குறுக்க பேசினா அதையும் எழுதிடுவேன்" என்றவன், தம்பியிடம் இளித்தான். "வாசனை தெரியலன்னு யார் வேணாலும் சொல்லலாமே?"

அந்த நேரம் பார்த்து, அடுப்பில் நான் மறந்துபோன பால் தீய்ந்தது. எழப்போனவள் உட்கார்ந்துவிட்டேன். பாத்திரமே போனாலும் போகட்டும். பாவி, உன் மூக்காலேயே தெரிந்துகொள்!

நாற்றம் குடலைப் பிடுங்கியது. அவன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டான். தம்பியோ, எந்த ரொட்டிக்கு எவ்வளவு சூடு என்று பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தான். அவன் தம்பியை ஏற இறங்கப் பார்த்தான், எழுதிக்கொண்டான். முழுப் பூசணிக்காயை இனி எந்தச் சோற்றில் மறைப்பான் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அவன் போனதும், தம்பி கண்ணில் படுவதற்குள் பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டேன். அவன் மனசு நோகக்கூடாதே.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. தம்பிதான் சத்தமாகப் படித்தான்.

"விசாரணையின்போது வீட்டில் பால் தீய்ந்த நிலையிலும் மனுதாரர் பதறாமல், நிதானமாகப் பதிலளித்தார். மூளை பாதிப்புக்கான அறிகுறி ஏதும் காணப்படவில்லை. கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது."

நாசமாய்ப் போகிறவன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வாயைத் திறந்தேன்.

தம்பி கடிதத்தை மடிக்காமல் என்னையே பார்த்தான்.

"அக்கா, அன்னிக்குப் பால் தீஞ்சுதா? ஏன் நீ சொல்லவேயில்ல?"