ஏரித் தோட்டத்தை இரண்டு தடவை பார்த்தது

அன்று குளக்கரையில் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். ஆமாம் என்பதற்கு எங்கள் ஆக்கள் சொல்லும் "ஓம்" என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. நான் சொல்லவில்லை. அந்தத் தோட்டத்தில் எனக்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை என்பதையும் யாரிடமும் சொல்லவில்லை.

கோலாலம்பூர் ஏரித் தோட்டத்துக்குப் பிரிக்பீல்ட்ஸிலிருந்து போவது பெரிய பயணமல்ல. ரயில் நிலையத்தைத் தாண்டி ஒரு மைலுக்குச் சற்று அதிகம், நடந்தே போகலாம். ஆனால் பெண் பார்க்கப்படப் போகிறவள் வியர்வையோடு போகக்கூடாதாம். அதனால் மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில், மாலை நாலு மணிக்கு, இரண்டு ரிக்‌ஷாக்களில் போனோம். ஒன்றில் அம்மாவும் நானும், மற்றதில் பெரியம்மா. ரிக்‌ஷாக்காரர் முப்பது சதம் கேட்டார். "மஹால்லா, டுவா புலோ" என்று அம்மா மலாயில் விலை கூடவென்று பேரம் பேசி இருபதுக்கு இறக்கினார்.

எங்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் இப்போது பெண் பார்ப்பதை வீட்டில் வைத்துக்கொள்வது குறைவு. சரிவராமற் போனால் அயல் முழுக்கத் தெரிந்துவிடும். தோட்டத்தில் தற்செயலாகச் சந்திப்பதுபோலச் சந்தித்தால் இரு பக்கத்துக்கும் மானம் தப்பும். இம்முறை வருகிறவர்கள் கிள்ளான்காரர். மாப்பிள்ளை அங்கே ஒரு கந்தோரில் கிளார்க். நான் ஆசிரியை; கலியாணத்துக்குப் பிறகும் பள்ளிக்கூடத்தில் தொடர்ந்து படிப்பிக்கலாம் என்று அவரே சொன்னதாகப் பெரியம்மா சொன்னார். முன்பு வந்த இரண்டு சம்பந்தங்களும் வேலையை விடச் சொன்னவை. அதனால் இது கைகூட வேண்டும் என்று நான் விரும்பினேன்.

தடை ஒன்றுதான். பன்னிரண்டு வயதிலிருந்து நான் கண்ணாடி போடுகிறவள். "கழட்டி வை பிள்ளை. ஒரு பின்னேரம்தானே" என்று அம்மா அதை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

ஆகவே முதல் தடவை நான் பார்த்த ஏரித் தோட்டம் இது: கீழே ஒரு பெரிய வெளிச்சம், அது ஏரி. சுற்றிலும் பச்சை. கரையோரம் சிவப்பும் மஞ்சளுமாகப் பூசிவிட்ட கோடு, அது கல்வாழைப் பாத்தி என்று வாசனையில்லாததால் ஊகித்தேன். மேட்டில் வெள்ளையாக ஒன்று, வெள்ளைக்காரரின் கிளப்பாக இருக்க வேண்டும். தூங்குமூஞ்சி மரத்தடியில் இரண்டு நிழல்கள் எழுந்தன.

"அட, கிள்ளான் ஆக்களும் காத்து வாங்க வந்திட்டினமோ?" என்றார் பெரியம்மா.

"ஓமக்கா. இவனுக்குப் பூப் பாக்க ஆசையெண்டான்" என்றார் மாப்பிள்ளையின் தாயார்.

"எந்தப் பூவெண்டு கேட்டனியளோ?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காத நிழல்தான் மாப்பிள்ளை என்று எடுத்துக்கொண்டேன்.

தாயார் என் பக்கத்தில் நடந்தார். "அங்க பார் பிள்ளை, அந்தக் கரையில."

"நல்ல வடிவு மாமி."

"இந்தப் பக்கம்?"

"அதுவும் நல்ல வடிவு."

"ஒண்டிலயும் குறை சொல்லாத பிள்ளை" என்றார் அவர் அம்மாவிடம். நான் அவருடைய மகனை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்காததும் அடக்கமாகவே எண்ணப்பட்டது. நிமிர்ந்து பார்த்திருந்தாலும் ஒரு வெள்ளைக் கோட்டுத்தான் தெரிந்திருக்கும்.

பிறகு வழக்கப்படி என்னை முன்னால் நடக்கவிட்டார்கள். நடையில் ஊனம் இருக்கிறதா என்று பார்க்கத்தான். ஏரியைச் சுற்றும் பாதை ஓரிடத்தில் இரண்டாகப் பிரிகிறது. இடப்பக்கம் ஒரே சீராக வெட்டிய புல்வெளி தெரிந்தது. அதைக் குறுக்கே கடந்தால் பாதையைப் பிடிக்கலாம் என்று நினைத்துக் காலை வைத்தேன்.

"நில்லுங்கோ. அது புல்லில்லை, குளம்."

வலது கால் முழங்கால்வரை போய்விட்டது. பச்சை பிளந்து கறுத்த தண்ணீர் தெரிந்தது. பக்கத்திலிருந்த மூங்கிலைப் பிடித்துக்கொண்டு கரையேறினேன். குரல் கொடுத்த மாப்பிள்ளை அருகில் வந்து நின்றார். இப்போதுதான் முகம் தெரிந்தது. குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "கண்ணாடி வீட்டிலயோ?"

நான் சேலைக் கரையைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

அதற்குள் மற்றவர்கள் ஓடி வந்துவிட்டார்கள். "என்ன நடந்தது?" என்றார் அவருடைய தாயார்.

"நான்தான் அம்மா, மீன் நிக்குதெண்டு காட்டினன். எட்டிப் பாத்தவ, சறுக்கிப்போட்டுது."

"வந்தவுடனே கதையோ உனக்கு?" என்று தாயார் அவரைத்தான் ஏசினார்.

தோட்ட வேலைக்காரர் ஒருவர் மண்வெட்டியோடு வந்து பார்த்தார். "பயப்படாதீங்கம்மா. போன வாரம் தொரையோட நாயே புல்லுன்னு ஓடி உள்ள போயிருச்சு. அதுக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்கு."

நால்வர் சிரித்தார்கள். நானும் கடைசியாகச் சிரித்தேன்.

அடுத்த ஞாயிறு, என்னோடு படிப்பிக்கும் ஆசிரியை ஒருவரைக் கூட்டிக்கொண்டு, கண்ணாடியோடு நடந்தே போனேன். வாசகர்கள் போக வேண்டியது இந்தத் தோட்டத்துக்கு. ஏரியில் மரங்கள் தலைகீழாக நிற்கின்றன. அந்தச் சிவப்பு மஞ்சள் கோடு உண்மையிலேயே கல்வாழைதான். ஒவ்வொரு இதழிலும் புள்ளிகள். மூங்கில்களுக்குப் பின்னால் மேட்டில் ஏறும் ஒற்றையடிப் பாதையில் பெரணிகள் இடுப்பளவு உயரம். அங்கிருந்து பார்த்தால் ரயில் நிலையத்தின் கூம்புகள் தெரியும்.

அந்தச் சிறு குளத்தின் கரையில் நெடுநேரம் இருந்தோம். மேலே மூடியிருப்பது ஆகாயத்தாமரை. இலைகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன; மெல்லிய கால்களுடைய பறவை ஒன்று அதன்மேல் நடந்தே அக்கரை போனது. ஒரு பொய்யை ஒருவர் எனக்காகச் சொல்லி, அதற்கு ஏச்சும் வாங்கிக்கொண்டதை நினைத்துக்கொண்டிருந்தேன். அது அன்பாக இருந்தது. ஆனால் அந்த வீட்டுக்குப் போனால் நாளும் அதைச் சொல்ல வேண்டியிருக்கும், இரண்டு பேருமாக.

கிள்ளானிலிருந்து சம்மதம் வந்தது புதன்கிழமை. பெரியம்மா வழி சொன்னார்: "தாலி ஏறட்டும். பிறகு தலையிடியெண்டு டொக்டரிட்டப் போய்க் கண்ணாடி எழுதுவிக்கலாம். எத்தினை பேர் செய்யினம்." நான் அப்பாவிடம் போய், கண்ணாடி விஷயத்தை அவர்களிடம் இப்போதே சொல்லிவிடச் சொன்னேன். "யோசிச்சுத்தான் சொல்லுறியோ?" என்று மட்டும் கேட்டார். பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு கிள்ளான் ரயிலுக்குப் போனார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வெயில் தாழ நாலு மணிக்குப் போங்கள்; மழை பெய்த மறுநாள் மேட்டுப் பாதை வழுக்கும். தின்பண்டத்தைக் கையில் பிடிக்காதீர்கள், குரங்குகள் பறிக்கும். திரும்ப ரிக்‌ஷா கிடைப்பது கஷ்டம்; வந்தவரையே நிற்கச் சொல்லிவிடுங்கள். நிதானமாகச் சுற்ற ஒன்றரை மணி நேரம் வேண்டும். பாதை பிரியும் இடத்தில் இடப்பக்கப் பச்சையில் கால் வைக்க வேண்டாம். பார்க்கப்படுவதற்காகப் போகிற பெண்கள் தோட்டத்தையும் பார்த்துவிட்டு வரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கிள்ளானுக்குப் போன அப்பா அன்று மாலையே திரும்பினார். மாப்பிள்ளையின் தாயார் வேண்டாம் என்றுவிட்டார். மகன் வீட்டில் இருந்தாராம், ஒன்றும் பேசவில்லையாம். ஆனி மாதம் அவருக்குச் சிரம்பானில் கலியாணம் நடந்தது. நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு படிப்பித்துக்கொண்டிருக்கிறேன்.