எடை சேரவில்லை என்ற பொய்

என் மேனேஜர் என்னிடம் பொய் சொன்னார். ஒரு தடவை இல்லை, கேட்ட போதெல்லாம் சொன்னார்.

நான் காசுக்கு ரிங்கில் இறங்கும் குத்துச்சண்டைக்காரன். அல்லிநகரத்தில் வீடு. மற்ற நாட்களில் திராட்சை வண்டி ஓட்டுகிறேன். இதுவரை தோற்றதில்லை. தேவாரத்தில் இன்னொருவன் இருக்கிறான், என்னைவிட இளையவன், அவனும் தோற்றதில்லை. வீரபாண்டித் திருவிழாவுக்கு ரோட்டின் ஒரு பக்கம் என் பிளக்ஸ், எதிர்ப்பக்கம் அவனுடையது. இரண்டிலும் 'தோல்வி அறியாதவர்'. ராட்டினத்துக்குப் போகிற கூட்டத்தில் ஒருத்தன் சொன்னது என் காதில் விழுந்தது: "ரெண்டு பேரும் பிளக்ஸுலதான்டா மொறைச்சுக்கிருவாய்ங்க."

எங்களை மோதவிடச் சொல்லிக் கேட்டால் மேனேஜர் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "அவன் எடை கொறச்சல்டா. சேராது." சொல்லிவிட்டு வெளியூரிலிருந்து எவனையாவது கூட்டி வருவார். வருகிறவனுக்குக் கையை உயர்த்தி முகத்தை மறைக்கக்கூடத் தெரியாது. சாய்ப்பேன். ஊர் கைதட்டும். எனக்கு அசிங்கமாக இருக்கும்.

எனக்கு அவசரம் இருந்தது. இடது கண்ணின் ஓரம் மங்கத் தொடங்கியிருந்தது. மதுரை டாக்டர் பார்த்துவிட்டு, இந்த வருஷத்தோடு ரிங்கை மறந்துவிடு என்றார். அதற்குள் ஒரு சண்டைதான் மிச்சம். அது தேவாரத்துக்காரனோடு இருக்க வேண்டும் என்று நினைத்தேன். தோற்றாலும் சரி. எங்களில் யார் பெரியவன் என்று தெரிந்தால் போதும்.

ஒருநாள் கம்பத்துத் திராட்சை மண்டியில் வண்டியை நிறுத்தினால், அவன் அங்கே நிற்கிறான். அப்பா தோட்டத்துத் திராட்சையோடு வந்திருந்தான். லோடுமேன்கள் விடவில்லை.

"ஏப்பா, ரெண்டு சாம்பியனும் இங்கன வந்திருக்காக. மிஷின்ல ஏத்துங்கடா!"

பெட்டி நிறுக்கிற மிஷினில் நான் ஏறி இறங்கினேன். அவன் ஏறினான். அதே எடை.

"ரெண்டு பேரையும் பெட்டியில போட்டு மாத்தி ஏத்தினாக்கூட, சரக்கு வாங்குற கேரளாக்காரன் கண்டுபிடிக்க மாட்டான்" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நாங்கள் சிரிக்கவில்லை.

அவன் கிட்டே வந்தான். "அண்ணே, நான் எப்பயோ சரின்னுட்டேனே. ஒங்களுக்கு எடை கூடிப்போச்சுன்னு எங்க மேனேஜர் சொன்னாக."

அன்றைக்கே என் மேனேஜரிடம் போனேன். அவர் எதையும் மறைக்கவில்லை.

"ஏலே, இப்ப ரெண்டு பேரு தோக்காம இருக்கீக. ரெண்டு பேருக்கும் கூட்டம் வருது. மோதவிட்டா ஒருத்தன்தான் மிஞ்சுவான். தோத்தவனை எவன் கூப்பிடுவான்? நானும் அவன் மேனேஜரும் பேசி வச்சிருக்கோம். கொஞ்ச வருசம் போகட்டும்."

"அதுக்குள்ள எனக்குக் கண்ணு போயிருமேண்ணே."

"அப்பத் தோக்காமலே ரிட்டையர் ஆகு. நல்லதுதானடா?"

ஒரே குத்தில் அவரைச் சாய்த்திருக்கலாம். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் சம்மதம் இல்லாமல் நான் எங்கேயும் சண்டை போட முடியாது, ஒப்பந்தம் அப்படி. தேவாரத்துக்காரனுக்கும் அதே கதிதான். ரெண்டு பேரும் சரி என்கிறோம், சண்டை நடக்கவில்லை.

டிவியில் உலகச் சாம்பியன்கள் வருஷக்கணக்கில் ஒருவரோடு ஒருவர் மோதாமல் நழுவும்போது, பயந்தாங்கொள்ளிகள் என்று திட்டியிருக்கிறேன். அவர்களிலும் எத்தனை பேர் எங்களைப் போல நிற்கிறார்களோ, தெரியாது. தோற்றால் மறுநாள் நான் வண்டி ஓட்டப் போவேன். பயம் எனக்கு இல்லை. குத்து வாங்காதவருக்குத்தான் பயம்.

அடுத்த வாரம் மேனேஜர் மறுபடி மேடை போடுகிறார். எதிரே எவனோ வெளியூர்க்காரன். அதுதான் என் கடைசிச் சண்டை. அதை மாற்ற என்னால் முடியாது. ஆனால் என் மேனேஜரிடம் ஒன்று கேட்கிறேன். அண்ணே, அன்றைக்கு மைக் உங்கள் கையில்தான் இருக்கும். அவன் மேனேஜரையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, எங்கள் இருவரையும் ஏன் மோதவிடவில்லை என்று டிக்கெட் வாங்கி வந்த ஜனங்களிடம் சொல்லுங்கள்.